மணியடிக்கும் இருளாண்டியும் டிரங்குப் பெட்டிப் புத்தகமும்

சரித்திர டியூட்டர் ஆவூர் அடைக்கலராஜின் வாழ்க்கையை எழுதப் புகுவோர் முதலில் அவருடைய டிரங்குப் பெட்டியை வணங்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். 1962-இல், புதுக்கோட்டையில் அவர் வேலை பார்த்த கல்லூரிக்கு, ஜப்பானிய, இந்தோனேசியச் சமுதாயங்களை அறிமுகப்படுத்தும் புதுப் பாடம் ஒன்று வந்தது. அதற்காக நூலகம் வாங்கிய புத்தகம் ஒன்றே ஒன்று. வந்த அன்றே அதைத் தம் பெயரில் எடுத்து, வேட்டிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டார். வகுப்பில் அவர் குறிப்புச் சொல்வார், மாணவர்கள் எழுதுவார்கள். குறிப்பு எங்கே பிறக்கிறது என்று தெரிந்துவிட்டால் ஆசிரியருக்கு என்ன மரியாதை?

ஜப்பானை அவர் பார்த்ததில்லை. இந்தோனேசியாவையும் பார்த்ததில்லை. திருச்சியைத் தாண்டி அவர் கண்டது வேளாங்கண்ணி மட்டுமே. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெட்கம் இருளாண்டி வடிவில் வந்தது.

இருளாண்டி கல்லூரிப் பியூன், மணியடிப்பவர், வல்லத்திராக்கோட்டைக்காரர். இளம் வயதில் கப்பலேறி, சுமத்ராவில் மேடான் நகரத்துச் செட்டியார் கடையில் வேலைக்கு நின்று, ஜப்பான்காரன் ஊரைப் பிடித்ததையும் விட்டுப்போனதையும் பார்த்துவிட்டு 1948-இல் திரும்பியவர். அதாவது, பாடத்திட்டத்தின் இரண்டு பகுதிகளையும் ஒரே சம்பளத்தில் படித்து முடித்தவர்.

புத்தகம் கிடைக்காத மாணவர்கள் இடைவேளைதோறும் மணிக்குக் கீழே கிடந்த பெஞ்சில் மொய்த்தார்கள்.

"ஜப்பான்காரன் வந்த ஒடனே கடிகாரத்தைத் திருப்புன்னுட்டான். அவன் ஊரு டைம்தான் எல்லாருக்கும். பொழுது விடியுறப்ப மணி எட்டரை!"

"அப்ப சாப்பாடு எப்பண்ணே?"

"வயிறு மட்டும் பழைய டைம்லயே இருந்துச்சுப்பா."

பெஞ்சு குலுங்கியது. "காவலுக்கு நிக்கிற சிப்பாய்க்கு இடுப்பு வளைஞ்சு கும்பிடணும். எங்க மொதலாளி தொந்தியால பாதிதான் வளைஞ்சாரு. பளார்னு விழுந்துச்சு ஒண்ணு."

இந்தச் சிரிப்பு ஆசிரியர் அறை ஜன்னல் வழியாக வந்து அடைக்கலராஜின் காபியில் விழுந்தது. அவர் வகுப்பில் யாரும் சிரித்ததில்லை. ஒருமுறை நகைச்சுவை ஒன்றைச் சொன்னபோது அதையும் குறிப்பில் எழுதிக்கொண்டார்கள்.

வீட்டில் மனைவி சூசைமேரி கேட்டாள்: "என்னங்க, மொகம் இப்புடி இருக்கு? வயித்துவலியா?"

"ஒரு பியூன் பயல்..."

"மணியடிக்கிற அண்ணனா? தங்கமான மனுசரு. சந்தையிலேருந்து கூடையத் தூக்கியாந்து குடுத்தாரு. அவரு இருந்த சுமத்ராவுல ஒரு சனத்துல வீடு, வயலு எல்லாம் பொம்பளைங்க பேருலதானாமே! நீங்க ஒரு நாளும் சொல்லலையே?"

அந்தச் செய்தி புத்தகத்தின் எழுபதாம் பக்கத்தில் இருந்தது. அவர் இன்னும் நாற்பதைத் தாண்டவில்லை.

சனிக்கிழமை கோவிலில், பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் கோபத்தைச் சொன்னார், போசனப்பிரியத்தைச் சொன்னார். காய்மகாரத்தை, அதாவது பொறாமையை, மட்டும் சொல்லவில்லை. சொன்னால், யார் மேல் என்று சாமியார் கேட்பார். பியூன் மேல் என்று ஒரு எம்.ஏ. எப்படிச் சொல்வது?

இந்த நிலையில் புதுப் பாடத்தைப் பார்வையிடப் பல்கலைக்கழகக் குழு ஒன்று வருவதாகக் கடிதம் வந்தது. பாடம் நிலைத்தால் அடைக்கலராஜ் நிரந்தர விரிவுரையாளர். நிலைக்காவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஆவூர். குழுவில் சென்னையிலிருந்து வந்த பேராசிரியர் நேராக வகுப்புக்கே வந்தார். ஜப்பானியர் மரியாதையைப் பற்றிக் கேட்டார். சிப்பாய்க்கு வளைந்த முதலாளி பதிலாக வந்தார். அந்நிய ஆட்சி மக்களை எப்படி மாற்றியது என்று கேட்டார். கடிகாரமும் வயிறும் வந்தன. பேராசிரியருக்கு ஒரே மகிழ்ச்சி.

"எந்தப் புத்தகத்தில் படித்தீர்கள்?"

அழகுமலை என்ற உத்தமன் எழுந்தான். "புத்தகம் சார் வீட்டுப் பெட்டியில இருக்குங்க. இதெல்லாம் இருளாண்டி அண்ணன் சொன்னது."

அடைக்கலராஜின் கண் முன்னே ஆவூர் கோவில் கோபுரம் தெரிந்தது. இருளாண்டியைக் கூப்பிட்டார்கள்.

"இவங்களுக்குப் பாடம் நடத்துறது நீயாப்பா?"

இருளாண்டி ஒரு கணம் அடைக்கலராஜின் முகத்தைப் பார்த்தார். "நான் சும்மா ஊருக்கதை பேசுனேங்க. அதுக்கு அர்த்தம் என்னன்னு சார் குறிப்புச் சொல்றப்ப வாசல்ல நின்னு கேட்டுத்தாங்க எனக்கே வெளங்குச்சு."

குறிப்பு முழுவதும் ஆங்கிலம். இருளாண்டி அறிந்த ஆங்கிலம் 'எஸ் சார்'. ஆனாலும் பேராசிரியர் அடைக்கலராஜின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பாடம் நிலைத்தது, வேலையும் நிலைத்தது.

தூக்கம்தான் போயிற்று. அறிவில் தோற்றதையாவது தாங்கிக்கொள்ளலாம். பெருந்தன்மையிலும் முந்திக்கொண்டு நிற்பது ஒரு பியூன் செய்கிற வேலையா? இருளாண்டியின் ஆட்சியை ஒழிக்க ஒரே வழிதான் அவருக்குத் தெரிந்தது. டிரங்குப் பெட்டியைத் திறந்து, புத்தகத்தை நூலகத்தில் சேர்த்தார். இனி எவன் அந்தப் பெஞ்சுக்குப் போவான்?

மறுநாள் ஜன்னல் வழியாகப் பார்த்தார். பெஞ்சில் இடமில்லாமல் தரையிலும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் புத்தகம் விரிந்து கிடந்தது. அழகுமலை ஒரு வரியைத் தமிழில் சொல்லிவிட்டுக் கேட்டான்: "இது சரியாண்ணே, இல்ல எழுதுனவரு தெரியாம எழுதிட்டாரா?"

"பாதி சரிதான்," என்றார் இருளாண்டி.

அடைக்கலராஜ் பாய்ந்து வெளியே வந்தார். "என்ன இருளாண்டி, மணி பத்தரை ஆச்சு! பெல் அடிக்கலையா?"

"இன்னும் மூணு நிமிசம் இருக்குங்க சார்."

எல்லோரும் கல்லூரிக் கடிகாரத்தைப் பார்த்தார்கள். மூன்று நிமிடம் இருந்தது. அடைக்கலராஜ் தம் கைக்கடிகாரத்தைக் கழற்றினார். ஜப்பான்காரன் வந்த அன்று மேடான் மக்கள் செய்ததைப் போலவே, முள்ளைத் திருப்பி வைத்துக்கொண்டார்.