நான் திருப்பி எறிந்த பந்து

மகளின் பேறுகாலம் பார்க்க அமெரிக்கா போயிருந்தேன். பேரன் பிறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. நான் திண்டுக்கல்லுக்குத் திரும்ப இன்னும் ஒரு மாதம் இருந்தது. மகள் அடிக்கடி குளியலறைக்குள் போய் அழுதுவிட்டு வருவதைக் கவனித்து, என்னவென்று கேட்டேன்.

"நானும் புள்ளையும் உன்கூட வாரோம்மா. நாலு மாசம் இருந்துட்டு வாரேன். அவர்கிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா, என்னைய விட்டுட்டுப் போறியாம்பார்."

நான் சொல்வதா? எங்கள் வீட்டில் மாமியார் மாப்பிள்ளையிடம் நேரே பேசுகிற வழக்கமில்லை. "சாப்பிட வரச் சொல்லு" என்பேன். பக்கத்தில் நிற்கும் அவருக்கு அது கேட்கும். ஆனாலும் மகள் சொன்ன பிறகுதான் வருவார். பயந்த சுபாவமுள்ள எனக்கு அந்த வழக்கம் சௌகரியமாகவே இருந்தது.

அந்தச் சனிக்கிழமை பேஸ்பால் ஆட்டத்துக்கு மாப்பிள்ளை இரண்டு டிக்கெட் எடுத்திருந்தார். "புள்ளைக்குச் சளி. அம்மாவைக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு மகள் என்னைப் பார்த்தாள். எதற்கென்று எனக்குப் புரிந்தது.

மைதானத்தின் ஓரம், முதல் வரிசையில் எங்கள் இடம். மாப்பிள்ளை ஒரு கையில் பெரிய தோல் கையுறை மாட்டியிருந்தார். அது எதற்கு என்று கேட்கலாம். கேட்டுச் சொல்ல நடுவில் மகள் இல்லை.

"அத்தை, வெயில் அடிக்குதுங்களா? தொப்பி வேணுங்களா?" என்றார். அவர் ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். வேண்டாமென்று தலையாட்டினேன்.

ஆட்டம் எனக்கு விளங்கவில்லை. பந்தை அடித்தவுடன் மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடினார்கள். பிறகு நெடுநேரம் ஒன்றுமே நடக்கவில்லை. அப்படி ஒன்றும் நடக்காத போதெல்லாம், இப்போது சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். அதற்குள் அடுத்த பந்தை வீசிவிடுவார்கள்.

திடீரென்று எல்லோரும் கைகளை உயர்த்தினார்கள். பந்து எங்கள் பின்வரிசையில் பட்டுத் தெறித்து, உருண்டு என் காலடிக்கு வந்தது. எடுத்தேன். கீழே புல்லில் நின்ற ஆட்டக்காரரைப் பார்த்து எறிந்துவிட்டேன். சுற்றியிருந்தவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். அந்த ஆட்டக்காரர் பந்தை எடுத்துப்போய், தூரத்தில் நின்ற ஒரு சிறுமியிடம் கொடுத்தார்.

"அத்தை! இங்க பந்து வந்தா எடுத்தவங்களுக்குத்தானுங்க! இந்த ஊருக்கு வந்ததுல இருந்து கையுறையைத் தூக்கிட்டு அலையுறேன், ஒண்ணுகூடச் சிக்கல. நீங்க அதை எறிஞ்சுட்டீங்களே!"

"எனக்குத் தெரியாதே மாப்பிள்ளை. நம்ம வீட்டுக்குப் பின்னால மைதானம்ல. பந்து விழுந்தா, 'அக்கா, பந்து'ன்னு பயலுக கத்துவானுக. அடுப்புல வேலையா இருந்தாலும் வந்து எறிஞ்சிருவேன். கை தானா எறிஞ்சிருச்சு."

அவர் என்னை வியப்பாகப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நீங்க பேசுவீங்களாங்க அத்தை?"

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. நிறுத்தினால் மறுபடி வாய் வராது என்று, மகள் அழுவதையும் நாலு மாதம் ஊரில் வந்து இருக்க ஆசைப்படுவதையும் அதே மூச்சில் சொல்லிவிட்டேன்.

சிரிப்பு நின்றது. கையுறையைக் கழற்றினார். "ஏனுங்க, எங்கிட்ட ஏன் அவ சொல்லல?"

"விட்டுட்டுப் போறதா நினைப்பீங்களாம்."

"நினைப்பேன்தானுங்க."

எதற்கோ கூட்டம் முழுவதும் எழுந்து கத்தியது. நாங்கள் இருவர் மட்டும் உட்கார்ந்திருந்தோம். "பையன் குப்புற விழுறதை நான் பார்க்க முடியாதுங்களே" என்றார். பெற்றவர் ஆசை அது. இதை நான் யோசிக்கவே இல்லையே என்று இருந்தது.

ஆட்டம் முடியும் தறுவாயில் அவரே சொன்னார்: "நாலு மாசம் வேண்டாமுங்க. ரெண்டு மாசம் இருக்கட்டும். நானே வந்து கூட்டிக்கிறேன்."

வீட்டில் மகள் கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்தாள். "உங்கம்மா எனக்கு வந்த பந்தைத் தூக்கி எறிஞ்சுட்டாங்க. உள்ள வா, பேசணும்" என்றார் மாப்பிள்ளை. நான் பேரனை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ராத்திரி தோசை ஊற்றும்போது, பழக்கத்தில், "மாப்பிள்ளையைச் சாப்பிட வரச் சொல்லு" என்றேன். மகள் வாய் திறப்பதற்குள் அவர் தட்டோடு வந்து நின்றார்.