ஒதுங்கி நின்ற புள்ளிகள்

என் மனைவி இலட்சத்தீவுக் கடலில் முங்கிச் சேகரிப்பாள். நான் கோயமுத்தூரில் கணினி முன்னால் உட்கார்ந்து அலசுவேன். கல்யாணமாகிச் சில வருஷங்கள் எங்கள் குடித்தனம் அப்படித்தான் நடந்தது.

அவள் ஆராய்ந்தது ராட்சதச் சிப்பிகளை. பவளப்பாறை இடுக்கில் பதிந்துகொண்டு வாயைத் திறந்துவைத்திருக்கும். உள்ளே நீலமும் பச்சையுமாக உதடு போலத் தசை மடிந்திருக்கும். அதன் ஓரத்தில் அரிசிமணி அளவு மட்டும் கிள்ளி எடுப்பாள். சிப்பி வெடுக்கென்று மூடிக்கொள்ளும். அது மறுபடி திறக்கிறதா என்று காத்திருந்து பார்த்துவிட்டுத்தான் மேலே வருவாள். அந்தத் துணுக்குகள் கெடாமலிருக்கச் சாராயம் ஊற்றிய சின்னக் குப்பிகளில் கப்பலேறிக் கொச்சிக்கும், அங்கிருந்து பாலக்காடு வழியாக என் கைக்கும் வந்து சேரும். அவற்றின் மரபணுக்களைப் படித்து ஒன்றோடொன்று ஒப்பிடுவது என் வேலை.

பெரிய சிப்பி இடம் நகராது. ஆனால் அதன் குஞ்சுகள் ஒட்டிக்கொள்ள இடம் கிடைக்கும்வரை சில நாள் நீரோட்டத்தோடு போகும். அப்படிப் போகிறவை பக்கத்துத் தீவு வரைக்கும் சேர்கின்றனவா, இல்லை ஒவ்வொரு தீவும் தனிக் குடும்பமா என்பதுதான் எங்கள் கேள்வி. ஒன்றோடொன்று கலந்திருந்தால், ஒரு தீவில் அழிந்தாலும் இன்னொரு தீவிலிருந்து வந்து நிரம்பும். கலக்கவில்லையென்றால் போனது போனதுதான்.

குப்பிகள் வரும் பெட்டியில் அவளுடைய பழைய துப்பட்டா ஒன்றைச் சுற்றி அனுப்புவாள், உடையாமலிருக்க. ஆய்வகத்தில் எல்லோரும் இருக்கும்போது நான் அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்வேன். உப்பும் வெயிலும் கலந்த ஒரு வாசனை அதிலிருக்கும். துவைக்க மனம் வராது.

அந்த வருஷம் மழைக்காலம் தொடங்குவதோடு அவள் வேலை முடிய வேண்டும் என்று பேசி வைத்திருந்தோம். இங்கே ஒரு கல்லூரியில் அவளுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். நான் சரவணம்பட்டிப் பக்கம் கொஞ்சம் பெரிய வீடாகப் பார்த்துக் குடிபோனேன். காந்திபுரத்தில் அவளுக்கென்று ஒரு மேசை வாங்கி என் மேசைக்குப் பக்கத்தில் ஜன்னலோரம் போட்டேன். காலியாகக் கிடக்கும் அந்த மேசையைப் பார்த்துக்கொண்டே தினமும் காப்பி குடித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைசித் தீவின் தரவையும் சேர்த்துப் படம் வரைந்தேன். அதில் ஒவ்வொரு சிப்பியும் ஒரு புள்ளி. மரபணுவில் நெருங்கியவை ஒரே இடத்தில் கூட்டமாக நிற்கும். எல்லாத் தீவுச் சிப்பிகளும் ஏறக்குறைய ஒரே கூட்டமாகத்தான் நின்றன. ஆனால் வடக்கே ஒரு தீவில், ஒரே பாறையிலிருந்து எடுத்த சில மட்டும் தள்ளி, ஒரு மூலையில் ஒதுங்கி நின்றன. தப்பு நடந்திருக்கும் என்று முதலிலிருந்து திரும்பச் செய்தேன். அப்போதும் அங்கேயேதான் நின்றன.

மெஸ்ஸுக்குப் போனேன். சாப்பிட்டுக்கொண்டே யோசித்தேன். அது நிஜமா என்று தெரிய வேண்டுமானால் மழை ஓய்ந்த பிறகு அதே பாறையில் இன்னும் நிறையச் சிப்பிகளைப் பார்க்க வேண்டும். அந்தப் பாறையைத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். கெட்டுப்போன மாதிரிகள் என்று அந்தப் புள்ளிகளை நீக்கிவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. ஜூனில் அவள் அந்த மேசையில் உட்கார்ந்திருப்பாள்.

வீட்டுக்குத் திரும்பியபோது பொள்ளாச்சியிலிருந்து அம்மா கூப்பிட்டார்.

"ஏங்கண்ணு, அம்மணி எப்ப வாரா? இனி அங்கயெல்லாம் போக வேண்டாமல்ல?"

"வந்துருவாம்மா" என்றேன். இரண்டாவது கேள்வியை விட்டுவிட்டு, சாப்பிட்டாயிற்றா என்று கேட்டேன்.

சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். படகுத்துறையில் நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். காற்று அவள் குரலைப் பாதி தின்றது.

"ஏனுங்க, குரல் ஒரு மாதிரி இருக்குதே? ஒடம்புக்கு ஒன்னுமில்லீங்களே?"

"ஒன்னுமில்ல கண்ணு. அந்த வடக்குப் பாறைச் சிப்பி தனியா நிக்குது."



"குப்பி ஏதாச்சும் மாறிப்போச்சுங்களா?"

"ரெண்டு தடவ பாத்துப்போட்டேன். மாறல."

"வேற இனமா இருக்குமோ?"

"இருக்கலாம். இன்னும் நெறையப் பாத்தாத்தான் சொல்ல முடியும்."

அவளுக்கும் புரிந்துவிட்டது. சந்தோஷத்தை எனக்காக அடக்கிக்கொண்டு பேசினாள். "அப்ப மழ நின்னதும் நான் மறுபடி வரோணுமுங்களே. நீங்க என்ன சொல்றீங்க?"

"வந்து கொஞ்ச நாள் இருந்துபோட்டுப் போ அம்மணி" என்றேன்.

மழைக்காலம் முழுக்க அவள் வீட்டிலிருந்தாள். கல்லூரி வேலை வேறொருவருக்குப் போனது. அதைப் பற்றி அவள் வருத்தப்படவில்லை. தூறல் விழும் காலைகளில் இரண்டு மேசையிலும் ஆளிருக்கும். அவள் வானிலை முன்னறிவிப்புப் படங்களை விரித்து அலை உயரம் பார்த்துக்கொண்டிருப்பாள். என் பக்கத்திலிருந்தும் அவள் கடலுக்காக ஏங்கியதை நான் பார்த்தேன். நான் அவளுக்காக ஏங்கியதைப் போலவேதான் அதுவும் இருந்தது. அதனால் கோபப்பட முடியவில்லை.

ஊருக்குப் போயிருந்தபோது அம்மா அவளிடம், "அந்தச் சிப்பியத் தூக்கிட்டு வந்து நம்ம தண்ணித் தொட்டியிலயே வெச்சுப் பாக்கலாமல்ல?" என்றார். அவள் அம்மாவின் தோளில் சாய்ந்து சிரித்தாள்.

மழை ஓய்ந்ததும் கொச்சித் துறைமுகம் வரை கூடப் போய் வழியனுப்பினேன். வாசலோடு என்னை நிறுத்திவிட்டார்கள். பையைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையில் போனவள் திரும்பிக் கையசைத்தாள். பிறகு கூட்டத்தில் எது அவள் தலையென்று தெரியவில்லை.

புதிய குப்பிகளும் அதையே சொன்னன. வெளியே பார்க்க மற்றவை மாதிரியே இருக்கும் அந்தப் பாறைச் சிப்பிகள் உள்ளுக்குள் வேறு இனம். கூடவே வாழ்ந்தும் மற்றவற்றோடு கலக்காதவை. தொலைபேசியில் சொன்னபோது அவள் அழுதாள். அந்த முகத்தைப் பக்கத்திலிருந்து பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை எனக்கு. அந்தப் பாறையை அப்படியே காக்க வேண்டுமென்று இப்போது பேச்சு நடக்கிறது. அவளுடைய வேலையும் நீண்டுவிட்டது.

"நீங்க ஒருக்கா வந்து பாக்கோணுமுங்க" என்று போன மாதம் சொன்னாள். தீவுக்குப் போகும் அனுமதிக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். காலையில் நீச்சல்குளத்துக்குப் போகிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கால்களை அடித்து நீந்தப் பழகுகிறேன். முகத்தைத் தண்ணீருக்குள் வைக்க இன்னும் பயமாகத்தான் இருக்கிறது.