தங்கம் என்ற கெட்ட வார்த்தை

என் பெரியம்மாவுக்குத் திட்டாமல் மருந்து கொடுக்கத் தெரியாது. கழிச்சலில் துவண்ட கன்றை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, வாயில் விரலை விட்டுச் சப்பவைத்து, அப்படியே பாட்டிலை நுழைப்பாள். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் உள்ளே இறங்கும்வரை வசவு நிற்காது. "குடிச்சுத் தொலையேன், மூதேவி."

மாட்டு டாக்டர் போனில் முதலில் கேட்பதே, "இன்னும் திட்டிக்கிட்டுதான இருக்காங்க?" என்றுதான். பிழைக்காது என்று தோன்றிவிட்ட கன்றைப் பெரியம்மா திட்டமாட்டாள். "தங்கம்" என்பாள். அதைக் கேட்டதும் பெரியப்பா குழி வெட்ட மண்வெட்டியைத் தேடுவார்.

போன வாரம், நெற்றியில் வெள்ளைப் பொட்டு உள்ள கிடாரிக் கன்று இரண்டு நாளாக எழவில்லை. பெரியம்மா அதன் காதைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்றிருந்தது. சாக்கைப் போர்த்திவிட்டு, "படுத்துக்கோ, தங்கம்" என்றாள். அன்று பெரியப்பா சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை அவர் மண்வெட்டியோடு கொட்டகைக்கு நடந்தார். நானும் கூடப் போனேன். வாசலை நெருங்கும்போதே உள்ளே பக்கெட் உருளும் சத்தம் கேட்டது.

"பசுவுக்குப் பொறந்த எருமையே, இப்பதான கரைச்சு வச்சேன். அத்தனையும் உதைச்சுக் கொட்டிட்டியே."

பெரியப்பா அப்படியே நின்றார். பிறகு அதே மண்வெட்டியால் வாசலில் கிடந்த சாணியை வழிக்க ஆரம்பித்தார்.

"அதையாவது ஒழுங்கா வழிங்க" என்று உள்ளேயிருந்து அவருக்கும் விழுந்தது.

அவர் என் பக்கம் குனிந்து மெல்லச் சொன்னார்: "என்னைக்காவது அவ என்னைத் தங்கம்னு கூப்பிட்டா, உடனே டாக்டருக்குப் போன் பண்ணிடு."