மேடையிலிருந்து காணாமல் போனவள்

மாமா எல்லையில் இறந்துபோனபோது எனக்கு ஒன்பது வயது. அம்மாவின் கூடப்பிறந்த தம்பி அவர். மரக்காணத்தில் எங்கள் தெருவுக்குள் முதன்முதலாக ராணுவ வண்டி வந்தது அவர் உடலோடுதான். காரியம் முடிந்ததும் அத்தையும் அவர்களுடைய ஒரே மகளும் எங்கள் வீட்டோடு வந்துவிட்டார்கள். அவளும் என் வகுப்புதான். அதிலிருந்து எனக்குக் கஷ்டகாலம் பிடித்தது.

பள்ளியில் அவளுக்கு முதல் பெஞ்சு. வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தால் டீச்சர் அவள் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு, அதே கையை என் நோட்டுக்கு நீட்டுவார். கூனிமேட்டிலிருந்து வந்து கடை போட்டிருந்த பாய், அவளைக் கண்டாலே கை நிறையத் தேன்மிட்டாய் அள்ளிக் கொடுப்பார். "சாப்பிடும்மா. உங்க அப்பா நம்ம எல்லாருக்காகவும் போனவரு" என்பார். பக்கத்தில் நிற்கும் எனக்கு ஒன்றும் வராது. பாய் கஞ்சர் இல்லை. கண் கலங்கி நின்றவருக்கு நான் தெரிந்திருக்க மாட்டேன்.

எங்கள் அப்பாவும்தான் விடிவதற்குள் உப்பளத்துக்குப் போகிறார். உச்சி வெயிலில் உப்பு வாருகிறார். பாதம் வெடித்து ரத்தம் கசிகிறது. அவருக்கு யாரும் சல்யூட் அடித்து நான் பார்த்ததில்லை. ஒருநாள் அம்மாவிடம் கேட்டேவிட்டேன். "அப்பாவ ஏம்மா மிலிட்டரிக்கு அனுப்பல?" அம்மா கரண்டியை ஓங்கினாள். பிறகு அதைக் கீழே போட்டுவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். இரண்டு அடி வைத்திருந்தால்கூட எனக்கு ஏதாவது விளங்கியிருக்கும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் சாயங்காலம் அப்பாவின் மொபெட் சத்தம் தெருமுனையில் கேட்டதும் எனக்கு முன்னால் அவள் ஓடுவாள். வண்டியில் முன்னால் நின்றுகொண்டு வருவது அதுவரை என் இடமாக இருந்தது. "நீ பின்னாடி ஏறிக்கம்மா, அவ சின்னவ" என்றார் அப்பா. அவள் என்னைவிடச் சில மாதங்கள்தான் சின்னவள்.

மாமா படித்த பள்ளி என்பதால், வருஷ நினைவு நாளில் அவர் பெயர் பொறித்த கல் ஒன்றைப் பள்ளி வாசலில் திறக்க ஏற்பாடு செய்தார்கள். மாமாவோடு வேலை பார்த்த சிப்பாய்கள் சிலர் எங்கெங்கிருந்தோ லீவு போட்டு வந்திருந்தார்கள். "என்ன வேணும்னாலும் சொல்லுங்கக்கா, நாங்க இருக்கோம்" என்று ஒவ்வொருவராக அத்தையிடம் வந்து சொன்னார்கள். அத்தை எல்லோருக்கும் தலையாட்டினாள். மாமா மகள் மேடையில் பச்சைப் பட்டுப்பாவாடையோடு உட்கார்ந்திருந்தாள். நான் யூனிபாரத்தோடு வெயிலில், பாட்டுப் பாடுகிற வரிசையில். கல்லை மூடியிருந்த துணியை அவள்தான் இழுக்க வேண்டும் என்று பேச்சு.

மைக்கில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். நாற்காலி காலியாக இருந்தது. மறுபடியும் கூப்பிட்டார்கள். நல்லா வேணும் என்று எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. அதற்குள், போர்த்திய சால்வை நழுவ, அத்தை செருப்பில்லாமல் மெயின் ரோட்டைப் பார்த்து ஓடினாள். பஸ்கள் பறக்கிற ரோடு அது. சிப்பாய்களும் பின்னாலேயே ஓடினார்கள். அம்மா என் முதுகில் கைவைத்துத் தள்ளினாள். "ஓடு, அப்பாவக் கூட்டிட்டு வா!"

பாத்திகளில் உப்பு விளைந்து நின்றதால், வாரிவிட்டு வருவதாகச் சொல்லி அப்பா அன்றைக்கும் உப்பளத்துக்குப் போயிருந்தார். பள்ளிக்குப் பின்பக்கம்தான் உப்பளம். வரப்பில் ஏறியதுமே தெரிந்துவிட்டது. வெள்ளை வெளேரென்ற பாத்திகளுக்கு நடுவே பச்சையாக அவள். பட்டுப்பாவாடையின் ஓரம் உப்புத்தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. எதிரே அப்பா, உப்பு வாரும் பலகையும் கையுமாக.

"சாயங்காலம் வீட்டுக்கு வந்துடுவீங்க இல்ல மாமா?"

"வந்துடுவேன் கண்ணு. இதக் கேக்கவா இம்மாந்தூரம் வந்த?"

"நெசமாவே வந்துடுவீங்களா?"

வேலை நேரத்தில் பலகையைக் கீழே வைக்காத அப்பா, அதைப் பாத்தியிலேயே போட்டுவிட்டுத் தண்ணீருக்குள் முட்டி போட்டார். அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "வந்துடுவேன். வேற எங்கம்மா போவப்போறேன்?"

"அப்பா, அங்க எல்லாரும் இவளத் தேடறாங்க!" என்று கத்தினேன். அப்பா அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு வரப்பில் நடந்தார். என்னைத் தோளில் தூக்கி வெகுகாலம் ஆகியிருந்தது. பள்ளி வாசலில் அத்தை அவளைப் பிடுங்கி, முதுகில் ஓர் அடி வைத்து, அப்படியே இறுக்கிக்கொண்டாள். அதுவரை அழாத அத்தை அப்போது வாய்விட்டு அழுதாள். துணியை இருவரும் சேர்ந்துதான் இழுத்தார்கள்.

அந்த வரப்பில் அவர்களுக்குப் பின்னால் நடந்தது இப்போதும் நினைவிருக்கிறது. தோளிலிருந்தபடி அவள் திரும்பத் திரும்ப அதையேதான் கேட்டுக்கொண்டு வந்தாள். அப்பாவும் சலிக்காமல் வந்துடுவேன், வந்துடுவேன் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு தடவை சொன்னால் போதாதா? பொழுது சாய்ந்தால் அப்பா வீட்டுக்கு வரத்தானே போகிறார். இதைப் போய் ஒருத்தி கேட்பாளா?