தொட்டியில் நான் ஊற்றிய நீலம்

மாரிகுப்பத்தில் தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில் பிறந்தேன். அதே தெருவில் மாடி வீடு கட்டினேன். நாலாங்கிளாஸ் படிப்போடு ராபர்ட்சன்பேட்டையில் பைப்புக் கடை வைத்தேன். வெறும் பாறை என்று எல்லோரும் கைவிரித்த இடத்தில் போர் போட்டுத் தண்ணீர் எடுத்தேன். எல்லாம் யார் தயவும் இல்லாமல். என் மனைவிக்குக் கர்ப்பப்பையில் வந்த புற்றுநோய் குணமானதிலும் எனக்குப் பங்குண்டு. அதைச் சொன்னால் மட்டும் வீட்டில் சிரிக்கிறார்கள்.

கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று பெங்களூர் ஆஸ்பத்திரியில் சொன்னபோது அவள் தலையாட்டினாள். நோய் பரவியிருக்கிறதா என்று பார்க்க இடுப்புக்குள் இருக்கும் நெறிக்கட்டிகளையும், அதாவது நிணநீர் முடிச்சுகளையும், எடுப்போம் என்றதும் எழுந்துவிட்டாள். அவளுடைய அக்காவுக்கு அந்தக் கட்டிகள் எல்லாவற்றையும் எடுத்த பிறகு இரண்டு காலும் வீங்கி, செருப்பே நுழையாமல் போனது.

"எல்லாத்தையும் எடுக்காம இருக்கத்தாம்மா பார்க்கிறோம்" என்றார் டாக்டரம்மா. சாயத்தை ஊசியில் ஏற்றினால், அது முதலில் போய்ச் சேரும் கட்டிகளை மட்டும் எடுத்துச் சோதிக்கலாமாம்; நோய் பரவினாலும் முதலில் அங்கேதான் போகுமாம். அவள் நம்பவில்லை.

பைப்பில் சாயம் ஓடுவது எனக்கா தெரியாது? வீட்டுக்கு வந்ததும் மாடித் தொட்டியில் ஒரு பாட்டில் சொட்டு நீலத்தைக் கவிழ்த்தேன்.

"முதல்ல நம்ம சமையல்கட்டுக் குழாய்லதான் வரும், பாரு. உனக்கும் அப்படித்தான்."

குழாயைத் திறந்தால் பளிங்குத் தண்ணீர். அதற்குள் பக்கத்து வீட்டம்மா கத்தினாள்: "இன்னா அண்ணே, அரிசியெல்லாம் நீலமாப் போச்சு!"

தண்ணீர்ப் பஞ்சத்தில் எங்கள் தொட்டியிலிருந்து அவர்களுக்கு நானே ஒரு கிளைப் பைப் இழுத்துக் கொடுத்திருந்தேன். மறந்தே போயிருந்தது.

"இன்னா மேஸ்திரி, நீ போட்ட பைப்பே உன் பேச்சைக் கேக்கல" என்றாள் என் மனைவி.

அடுத்த முறை போனபோது இந்தக் கதை முழுவதையும் டாக்டரம்மாவிடம் ஒப்பித்துவிட்டுக் கேட்டாள்: "சாயம் இப்படி வழி மாறிப் போயிட்டா இன்னா செய்வீங்க?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தவர், பிறகு நிதானமாகச் சொன்னார். நீலச் சாயம் வெறும் கண்ணுக்குத் தெரியும். ஆனால் கொழுப்புக்குள் மறைந்துவிடும், சில பேருக்கு இடுப்பின் ஒரு பக்கக் கட்டிகளை மட்டுமே காட்டும். பச்சைச் சாயம் தனிக் கேமராவில் ஒளிரும். பெரும்பாலும் இரண்டு பக்கமும் காட்டிக்கொடுக்கும். "அதனால உங்களுக்குப் பச்சைதான். அதுலயும் தெரியலன்னா, தெரியாத பக்கம் மட்டும் எல்லாக் கட்டியையும் எடுக்க வேண்டி வரும். மறைக்க மாட்டேன்."

"ரெண்டையும் கலந்து ஊத்திடுங்களேன்" என்றேன் நான்.

"ஐயா, இது உங்க தொட்டி இல்ல."

என் மனைவி சிரித்த சிரிப்பில் கையெழுத்தும் போட்டுவிட்டாள். ஆபரேஷனில் இரண்டு பக்கமும் ஒளிர்ந்ததாம். எடுத்த சில கட்டிகளிலும் நோய் இல்லை. இன்று அதே பழைய செருப்பில் மார்க்கெட்டுக்கு எனக்கு முன்னால் நடக்கிறாள்.

போகிற வழியெல்லாம் டாக்டரம்மா புகழ், பச்சைச் சாயத்தின் புகழ். என் பேச்சு வருவது நீல அரிசிக்கு மட்டும். நான் ஊற்றாமல் இருந்திருந்தால் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பாளா? பதில் கிடைக்காமல் கையெழுத்துப் போட்டிருப்பாளா? டாக்டரம்மாவுக்குப் பாதி, பச்சைக்குக் கால். மிச்சக் கால் எனக்கு. இனி அவள் கதை சொல்லும்போது அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், மார்க்கெட்டிலும்தான்.