லைட்டை அணைத்துவிட்டு விற்ற கார்

போன வாரம் பதுளை பஸ் நிலையத்தில் இந்தப் பத்தியின் வாசகர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "என்ன சேர், பஸ்ல? கார் என்னாச்சு?"

"வித்துட்டேன்" என்றேன்.

பொய்யில்லை. ஆனால் பாதி உண்மை. இந்த மாதிரிப் பாதி உண்மை சொல்வதில் நான் கெட்டிக்காரன் என்பது எனக்கே இந்த வருஷம்தான் தெரிந்தது. மீதிப் பாதியை இன்றைக்கு எழுதிவிடுகிறேன். வழக்கமாக இந்தப் பக்கத்தில் சிரிக்க ஏதாவது இருக்கும்... இந்த வாரம் இல்லை.

என் கார் ஒரு ஹைபிரிட். பெற்றோல் வரிசையில் நாடே காத்துக் கிடந்த நாட்களில் அதைப் பற்றி இங்கே இரண்டு தடவை பெருமையடித்திருக்கிறேன். பாதிப் பெற்றோல், பாதி பற்றரி. ஜப்பானில் யாரோ ஓட்டி, கப்பலில் வந்து, கொழும்பில் பாலிஷ் போட்டு, கடைசியில் என் வாசலுக்கு வந்து சேர்ந்த வண்டி. நான் வாங்கும்போதே அதற்கு வயசாகியிருந்தது. ஆனால் சத்தமே வராது. அந்தச் சத்தமில்லாமையில்தான் நான் மயங்கினேன்.

ஒரு நாள் பண்டாரவளையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். திடீரென்று 'பீப்' என்று ஒரு நீளமான சத்தம். டேஷ்போர்டில் மஞ்சளும் சிவப்புமாக மூன்று லைட். பிரேக்கை மிதித்தேன் — கல்லை மிதித்த மாதிரி இருந்தது. இரண்டு மூன்று விநாடிதான். பிறகு பழையபடி ஆகிவிட்டது.

பக்கத்தில் என் மனைவி மெர்சி. "என்னங்க அது?"

"சென்சரா இருக்கும்" என்றேன். காரைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஆண்கள் எல்லாரும் சொல்லும் பதில் அது.

மறுநாள் நௌஷாத் பாஸிடம் கொண்டுபோனேன். பண்டாரவளையில் கராஜ் வைத்திருப்பவர். என் வண்டியை அவர்தான் பார்ப்பார். கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்த்தார். வண்டியை நிறுத்திவைத்துக் காதைக் கொடுத்துக் கேட்டார். அவர் முகம் மாறியது.

"சேர், இது மத்த வண்டிட பிரேக் மாதிரி இல்ல. உங்கட காலுக்கு உதவி செய்ய உள்ளுக்கு ஒரு பம்ப் ஈக்கி. கரண்ட்ல ஓடுற. அது ப்ரெஷரப் புடிச்சி வெக்கோணும். இதுல ப்ரெஷர் நிக்குதில்ல. வயசு போன வண்டிகளுக்கு வார வருத்தம் இது, மனுசருக்கு நோய் வார மாதிரி."

"மாத்த முடியாதா?"

"புதுசு போட்டா நல்லம். ஆனா வண்டிட பெறுமதிக்கு அது கட்டாது. வேற வண்டில கழட்டின சாமான் போட்டா, அது எத்தின நாளைக்கோ. கம்பெனில கேட்டுப் பாருங்க. இதுக்கு அவங்க தனியா ஏதோ வாரண்டி குடுத்ததாக் கேள்வி."

கேட்டேன். கொழும்பு அலுவலகத்தில் மரியாதையாகப் பேசும் ஒரு பெண். வண்டியின் நம்பரை வாங்கிக்கொண்டு, கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள்.

"சேர், அந்த பார்ட்ஸுக்குக் கம்பெனி கூடுதல் வாரண்டி கொடுத்தது உண்மைதான். ஆனா வண்டியை முதன்முதல்ல வித்த நாள்ல இருந்து குறிப்பிட்ட வருஷத்துக்குத்தான். அதுவும் சில நாடுகள்ல வித்த வண்டிகளுக்குத்தான். உங்க வண்டி எங்க மூலமா இங்க வரலை. வந்திருந்தாலும் காலம் முடிஞ்சிருச்சு."

"எப்ப முடிஞ்சது?"

கீபோர்டைத் தட்டும் சத்தம். "நீங்க வாங்குறதுக்கு முன்னாடியே, சேர்."

அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆனாலும் கோபப்பட்டேன். பிரேக் என்ன பேக்கரிப் பாணா, திகதி முடிந்தால் தூக்கி எறிவதற்கு என்று கேட்டேன். "மன்னிக்கணும் சேர்" என்றாள். அவ்வளவுதான் அவளால் முடியும்.

நௌஷாத் பாஸிடம் திரும்பிப் போனேன். "லைட்டை மட்டுமாவது அணைக்கலாமா?"

"அணைக்கலாம் சேர். ஆனா வருத்தம் அப்பிடியேதான் ஈக்கும். இறக்கத்துல கவனம்."

அணைத்தார். மூன்று வாரம் லைட் வரவில்லை. அந்த மூன்று வாரத்துக்குள் நான் காரை விற்றேன்.

வாங்கியவர் ஜெயசீலன். பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் இங்கிலீஷ் படிப்பிக்கிறார். முப்பத்தைந்து வயதிருக்கும். மனைவி மலர் அதே தோட்டத்தில் பிள்ளை மடுவத்தில் வேலை. கொழுந்தெடுக்கப் போகும் அம்மாமார் விட்டுப்போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர். இரண்டு பேரும் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். இரண்டு குடும்பத்துக்கும் இதுதான் முதல் கார். அவர் லைசன்ஸ் எடுத்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

ஜெயசீலன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். மலர் சுற்றவில்லை. நேராக என்னிடம் வந்து கேட்டார்.

"பிரேக்கெல்லாம் நல்லா இருக்குங்களா சேர்? எங்க பாதை பூராவும் இறக்கம்."

நான் சொன்ன பதில் இது: "ஒரு மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்து காட்டிருங்க. அதுதான் நல்லது."

எவ்வளவு நேர்மையான பதில்! கேட்டவர்கள் என்னை இன்னும் கொஞ்சம் நம்பினார்கள். ஜெயசீலன் சிரித்தார். "வாராவாரம் உங்க பத்தியை வாசிக்கிறவன் சேர் நான். உங்க வண்டிக்கு எதுக்கு மெக்கானிக்?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். "தேத்தண்ணி குடிங்க" என்றேன்.

மெர்சிதான் தேத்தண்ணி கொண்டுவந்தாள். என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வெளியே வரும்போது யாரோ சொன்னார்கள். பசறைப் பக்கம் ஒரு ஆசிரியரின் கார் மண்மேட்டில் மோதிவிட்டதாம்... என்ன கார் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையிருக்கவில்லை.

ஒரு கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டிருக்கிறார்கள். தோட்டத்துப் பாதை பெரிய வீதியில் இறங்குவதற்கு முன்னால் ஒரு வளைவு. அதற்கு மேலேயே 'பீப்' சத்தம் வந்துவிட்டது. லைட்டும் எரிந்திருக்கிறது. ஜெயசீலன் பிரேக்கை மிதித்தார். பெடல் இறங்கவில்லை. இரண்டு காலாலும் மிதித்தார். எதிரே கொழுந்து லொறி ஒன்று ஏறி வந்துகொண்டிருந்தது. வலது பக்கம் பள்ளம். இடது பக்கம் மண்மேடு. இடது பக்கமாக ஒடித்தார்.

இடது பக்கத்தில்தான் மலர் உட்கார்ந்திருந்தார்.

ஆஸ்பத்திரிக்குத் தோடம்பழம் வாங்கிக்கொண்டு போனேன். மலருக்கு இடது காலில் தொடை எலும்பும் முழங்காலும் நொறுங்கியிருந்தன. ஆபரேஷன் முடிந்து மயக்கத்தில் கிடந்தார். ஜெயசீலனுக்கு நெற்றியில் மட்டும் ஒரு கட்டு. என்னைக் கண்டதும் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க வண்டியை இப்படிப் பண்ணிட்டேன் சேர்."

உங்க வண்டி. அப்படித்தான் சொன்னார்.

"பிரேக்கை மிதிச்சேனா, பயத்துல வேற எதையாச்சும் மிதிச்சேனான்னு எனக்கே தெரியலங்க. பொலிஸும் அதைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டாங்க. புது டிரைவர்னு எழுதிக்கிட்டாங்க. நான்தானே சேர் அவ பக்கமாத் திருப்பினேன்... என் கையாலதானே."

அவர் தோளைத் தட்டிக்கொடுத்தேன். "கவலைப்படாதீங்க. எல்லாம் சரியாகும்" என்றேன். பழத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஒரு மாதம் அப்படியே இருந்தேன். ஒரு முழு மாதம். அந்த மாதமும் இந்தப் பத்தி வாராவாரம் வந்தது. நீங்களும் வாசித்தீர்கள். குரங்குகள் எங்கள் கொய்யா மரத்தைக் காலி பண்ணியதைப் பற்றி எழுதியது அப்போதுதான்.

ஒரு நாள் சாப்பிடும்போது நானாகவே ஆரம்பித்தேன். "வண்டி கைமாறி ரெண்டு மாசம் கழிச்சுத்தானே மோதுச்சு. பேப்பர் எல்லாம் எழுதியாச்சு. சட்டப்படி பார்த்தா நமக்கு..."

மெர்சி சோற்றில் இருந்து கையை எடுத்தாள். "அந்தக் கொழும்புப் பிள்ளை போன்ல பேசின மாதிரியே பேசுறீங்க."

தட்டைத் தள்ளிவைத்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"அவர் பாவம், தன்னாலதான்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு. நீங்க போய்ச் சொல்றீங்களா, நான் போய்ச் சொல்லட்டா?"

யோசித்துப் பார்க்கிறேன். வண்டியைச் செய்தவர்களுக்கு ஒரு காலக்கெடு. கப்பலில் ஏற்றியவர்களுக்குத் துறைமுகம் வரைக்கும் பொறுப்பு. பாலிஷ் போட்டு விற்றவருக்குச் சாவியைக் கொடுக்கும் வரைக்கும். எனக்குக் கையெழுத்துப் போடும் வரைக்கும். ஆளாளுக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டு, அதற்கு இந்தப் பக்கம் பத்திரமாக நின்றுகொண்டோம். வளைவில் பிரேக்கை மிதித்தவருக்குத்தான் நிற்க இடம் இல்லாமல் போயிற்று.

சனிக்கிழமை பசறைக்குப் பஸ் ஏறினேன். அங்கிருந்து த்ரீவீலர். தோட்டத்து ஆசிரியர் வீடு, இரண்டு அறை. மலர் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஜெயசீலன் கதிரையை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் தேத்தண்ணி வரும், பேச்சு வேறு எங்கேயாவது போகும் என்று பயம்.

சொன்னேன். பண்டாரவளைப் பாதையில் லைட் எரிந்தது, நௌஷாத் பாஸ் சொன்னது, கொழும்பில் கிடைத்த பதில், லைட்டை அணைக்கச் சொன்னது நான்தான் என்பது... எல்லாவற்றையும்.

ஜெயசீலன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அப்போ நான் பிரேக்கைத்தான் மிதிச்சேனா சேர்?"

"ஆமா. பிரேக்கைத்தான் மிதிச்சீங்க."

அவர் எழுந்து வெளியே போனார். ஜன்னல் வழியாகத் தெரிந்தது. வாசல் படியில் உட்கார்ந்து தன் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. இன்று வரைக்கும் பேசவில்லை.

மலர்தான் பேசினார். குரலை உயர்த்தவில்லை.

"நான் உங்ககிட்ட வாய்விட்டுக் கேட்டேன் சேர். பிரேக் நல்லா இருக்கான்னு."

"கேட்டீங்க."

"கால் போனதுக்கு எனக்குக் கோபம் இருக்கு. இல்லைன்னு சொன்னா பொய். ஆனா அதைவிட ஒண்ணு இருக்கு. இந்த ஒரு மாசமா அந்த மனுஷன் என் மூஞ்சியப் பார்த்துப் பேசல. சோறு ஊட்டுறாரு, துணி மாத்துறாரு, மூஞ்சியப் பார்க்க மாட்டேங்கிறாரு. அன்னிக்கு ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிட்டு வந்தீங்களே, அன்னிக்கே சொல்லியிருந்தா இந்த ஒரு மாசமாவது மிஞ்சியிருக்கும்."

வண்டியை மறைத்து விற்றதுதான் என் குற்றம் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். அந்த அறையில்தான் இரண்டாவது குற்றம் தெரிந்தது.

மறுநாள் பொலிஸுக்குப் போய்ச் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். வண்டிக்கு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள், நன்றி சொல்லவில்லை. சொல்ல எந்த அவசியமும் இல்லை. பொலிஸ் வண்டியை விட்ட பிறகு, மலரின் சம்மதத்தோடு அந்தப் பம்பை நௌஷாத் பாஸிடம் கழற்றச் சொன்னேன். வேறு எவர் வண்டிக்கும் அது போய்விடக் கூடாது. அவர் சுத்தியலை எடுத்து என் கண்முன்னாலேயே உடைத்தார். "அன்டைக்கி நானும் லைட்ட அணைச்சிருக்கப் படாது" என்றார். அவ்வளவுதான் பேசினோம்.

மலர் இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறார். பிள்ளை மடுவத்துக்குப் போக மேட்டில் நிறையப் படி ஏற வேண்டும். ஏற முடியவில்லை. அந்த வேலைக்குத் தோட்டத்தில் வேறு ஒரு பெண்ணைப் போட்டுவிட்டார்கள். பின்னேரம் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகும் அம்மாமார் வழியில் மலரின் வாசலில் கொஞ்சம் நிற்பார்களாம். சின்னதுகள் உள்ளே ஓடிவந்து அவர் காலைத் தொட்டுப் பார்க்குமாம்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் பதுளை ஆஸ்பத்திரி கிளினிக்கில் மலரைக் கண்டேன். நீண்ட வாங்கில் உட்கார்ந்திருந்தார். மருந்து வரிசையில் நின்ற ஜெயசீலன் என்னைப் பார்த்தார். பிறகு முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்க்கத் தொடங்கினார். ஆனால் மலர் விஷயத்தில் முன்பு போல இல்லை. மனைவி கூப்பிட்டால் திரும்பி அவர் முகத்தைப் பார்க்கிறார். அதைக் கவனித்தேன்.

மலரிடம் கேட்டேன். "இதைப் பத்தி எழுதலாமா?"

அவர் மருந்து வரிசைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

"எழுதுங்க சேர். பழைய வண்டி விக்கிற யாராச்சும் வாசிக்கட்டும். எங்க பேரை மட்டும் மாத்திப் போட்டுருங்க."

"சரி" என்றேன்.

நான் எழும்பும்போது மறுபடி கூப்பிட்டார். "சேர்... உங்க பேரை மாத்திராதீங்க."

மாற்றவில்லை. வாராவாரம் இந்தப் பத்தியில் வரும் அதே பெயரில்தான் இதையும் எழுதுகிறேன்.