மீட்டர் ஃபாயிஸ் நாய் வாங்கப் போனது

கெய்ரோவின் ஷுப்ரா பேட்டையில் ஃபாயிஸ் வாசிலி என்றால் யாருக்கும் தெரியாது. 'மீட்டர் ஃபாயிஸ்' என்றால் பச்சைக் குழந்தையும் நாலாவது மாடியைக் கை காட்டும். மின்வாரியத்தில் திருட்டு மின்சாரம் பிடிக்கிற வேலை, இருபத்து மூன்று வருஷமாக. அலமாரிக்குப் பின்னால் ஓடும் ஒயர், மீட்டர் தலையில் ஒட்டிய காந்தம், சீல் உடைத்து மறுபடி பசை போட்ட பெட்டி என்று பார்த்துப் பார்த்து, மனுஷனுக்கு யாரைக் கண்டாலும் இவன் எங்கே ஒயரை ஒளித்து வைத்திருக்கிறான் என்றுதான் தோன்றும். தர்ப்பூசணியை மூன்று கடைகளில் தட்டிப் பார்த்துவிட்டு வாங்காமலே திரும்புவார். பால்காரன் சிரித்தால் பாலில் தண்ணீர் என்பார், சிரிக்காவிட்டால் நிறையத் தண்ணீர் என்பார். பாதிரியார் பிரசங்கத்தை ஐந்து நிமிஷம் முன்னால் முடித்தாலும், "இவருக்கு இன்னிக்கு எங்க போகணுமாம்?" என்று மனைவி இன்ஸாஃபின் காதைக் கடிப்பார்.

இப்படிப்பட்ட ஆளிடம்தான் அவருடைய ஒரே மகள் வெரீனா, எட்டு வயதிலிருந்து மூன்று வருஷமாக, நாய்க்குட்டி வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. வாரம் ஒரு முறை கேட்பாள், இல்லை என்றதும் போய்விடுவாள். அடம் பிடித்திருந்தால் ஃபாயிஸ் சமாளித்திருப்பார். இந்த அமைதிதான் அவரை அறுத்தது.

இல்லை என்று சொன்னதற்குக் காரணம் இருந்தது. வெரீனாவுக்கு மூன்று வயதிலிருந்து ஆஸ்துமா. வசந்தத்தில் மணல் காற்று அடிக்கும் நாட்களில் அவள் நெஞ்சு விசில் அடிக்கத் தொடங்கினால், அப்பனும் ஆத்தாளும் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கடைசியில் டாக்டர்தான் ஒரு வழி சொன்னார்.

"அலர்ஜியே வராத நாய்னு உலகத்துல ஒண்ணு கிடையாது. அப்படிச் சொல்லி வித்தான்னா அவன் பொய்யன். ஆனா எல்லா நாயும் ஒரே மாதிரியும் கிடையாது. ஒரு குழந்தைக்கு ஆகாத நாய் இருக்கும், அதே குழந்தைக்கு ஒத்துக்கற நாயும் இருக்கும். வாங்கறதுக்கு முன்னாடி அந்த நாயோட, அதோட அம்மாவோட, மூடின ரூம்ல ஒரு மணி நேரம் உட்காருங்க. ஒரு தடவை இல்ல, மூணு தடவை. ஒழுங்கா வளர்த்து விக்கறவங்க யாரும் இதுக்கு முகம் சுளிக்க மாட்டாங்க."

ஒழுங்காக வளர்த்து விற்கிறவர் என்று கெய்ரோவில் யாரைக் கண்டுபிடிப்பது? முதலில் வந்தவன் ஹெய்ஸம். போன் செய்த அன்றே, கூடையில் ரிப்பன் கட்டிய வெள்ளைக் குட்டியோடு நாலு மாடி ஏறி வந்துவிட்டான். குட்டி சோப்பு மணத்தில் மூழ்கியிருந்தது.

"பாஷா, கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க. அசல் கிரிஃபோன் ஜாதி. முடியே கொட்டாது. பாருங்க, அலர்ஜி இல்லைன்னு சர்ட்டிபிகேட்டே இருக்கு, முத்திரையோட."

"குளிப்பாட்டிக் கொண்டு வந்தியா?"

"உங்க வீட்டுக்கு வருதே பாஷா, அழுக்காவா கொண்டு வருவேன்?"

"இதோட அம்மா எங்க?"

"அம்மா இஸ்மாயிலியாவுல, பண்ணையில. சாவி அண்ணன்கிட்ட இருக்கு."

ஃபாயிஸ் உஷாரானார். சாவி அண்ணனிடம் இருக்கிற கதையைச் சொல்லாத மின்சாரத் திருடன் ஒருவன்கூட அவருக்கு இதுவரை வாய்த்ததில்லை. குட்டியின் வாயைத் திறந்து பார்த்தார். பல் இப்போதுதான் எட்டிப் பார்த்திருந்தது. தாய்ப்பால் மறக்காத பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறான். ஹெய்ஸம் டீயைக் குடித்து முடிப்பதற்குள் அவனைப் படியிறக்கிவிட்டார்.

நாய் வளர்த்து விற்கிற மதாம் சிர்வார்ட்டைப் பற்றிச் சொன்னது தஹானி. சர்ச்சில் ஞாயிறு பள்ளி நடத்துகிறவள், நல்லவள்தான். ஆனால் தஹானியின் காதில் விழுந்த செய்தி மறுநாள் பூசைக்குள் நைல் நதியைத் தாண்டிவிடும். "ஹீலியோபோலிஸ்ல ஒரு ஆர்மீனியக் கிழவி. முப்பது வருஷமா பூடில் வளர்க்கறாங்க. என் தங்கச்சி அங்கதான் வாங்கினா. நானே கூட்டிட்டுப் போறேன்" என்றாள். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள்.

ஏனென்றால் வெரீனாவின் ஆஸ்துமா வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்தில்கூட முழங்கால் வலி என்று சொல்லித்தான் விளையாட்டு வகுப்பிலிருந்து விலக்கு வாங்கியிருந்தார்கள். இன்ஸாஃபின் அக்காவுக்குச் சர்க்கரை இருப்பது சர்ச் வாசலில் தெரிந்துபோய், நிச்சயமான கல்யாணம் நின்றுவிட்டது. அந்த அக்காவுக்கு இன்றைக்கு ஐம்பத்தாறு வயது, இன்னும் தனியாகத்தான் இருக்கிறாள். "நோய்னு பேர் எடுத்துட்டா அப்புறம் அந்தப் பேர்தான் அவளுக்கு முன்னாடி நடக்கும்" என்பாள் இன்ஸாஃப். பெண்ணின் நோயை வாய்விட்டுச் சொல்கிற வீடு அந்தத் தெருவில் ஒன்றும் இல்லை. இப்படி மறைப்பதை ஃபாயிஸும் ஒரு நாளும் பொய் என்று நினைத்ததில்லை.

மதாம் சிர்வார்ட் போனிலேயே இருபது கேள்வி கேட்டார். வீடு எத்தனை அறை, பகலில் யார் இருப்பார்கள், லீவுக்கு ஊருக்குப் போனால் நாயை என்ன செய்வீர்கள். போனை வைத்துவிட்டு ஃபாயிஸ் பொரிந்தார். "நாய் வாங்கப் போறேனா, பொண்ணு கேட்டுப் போறேனா? விக்கறவளுக்கு எதுக்கு இத்தனை கேள்வி? ஏதோ இருக்கு."

"உனக்குப் பல்லு வலிச்சாலும் டாக்டர் மேலதான் சந்தேகம்" என்றாள் இன்ஸாஃப்.

போனார்கள். தோட்டத்தோடு கூடிய தரைத்தள வீடு. மூன்று பெரிய நாய்கள், ஐந்து குட்டிகள். நாய்கள் அப்படியொன்றும் பளபளப்பாக இல்லை. ஒன்றின் தாடியில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது.

"ஒரு வாரமா குளிப்பாட்டல. வேணும்னேதான்" என்றார் மதாம். எழுபது வயதிருக்கும், சிரிக்கிற பழக்கம் இல்லை. "சோப்போட பார்த்தா உங்களுக்கு என்ன தெரியப்போகுது? சரி முஸ்யூ ஃபாயிஸ், வீட்ல யாருக்கு அலர்ஜி?"

நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார். சோபாவில் தஹானி பிஸ்கட்டைக் கையில் பிடித்தபடி காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். இன்ஸாஃப் கணவனின் முட்டியை ஒரு இடி இடித்தாள்.

"எனக்குத்தான்" என்றார் ஃபாயிஸ்.

வெரீனா அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தன் செருப்பைப் பார்த்தாள்.

மதாம் அதை எழுதிக்கொண்டு, கதவைச் சாத்தி, லெவோன்கா என்ற தாய் நாயைத் தூக்கி ஃபாயிஸின் மடியில் வைத்தார். ஒரு மணி நேரம். நாய் அவர் கழுத்தை நக்கியது, சட்டையில் வாயைத் துடைத்தது, பிறகு தூங்கிப்போனது. ஃபாயிஸ் தும்மவில்லை. அவர் எப்படித் தும்முவார், எருமை மாட்டுக்குக்கூட அவ்வளவு நல்ல நெஞ்சு இருக்காது! மதாம் அவர் கண்ணிமையை இழுத்துப் பார்த்து, முழங்கையைத் திருப்பிப் பார்த்து, எல்லாவற்றையும் எழுதினார். வெரீனாவை இன்ஸாஃப் ஜன்னல் பக்கமாக, நாயிலிருந்து எட்ட உட்கார வைத்திருந்தாள்.

அடுத்த வாரமும் இதேதான். இடையில் ஒரு நாள் ஃபாயிஸ் சொல்லாமல் கொள்ளாமல் வேலைப் பையோடு ஹீலியோபோலிஸ் போய் நின்றார். முன்னறிவிப்போடு போனால் எந்த வீட்டு மீட்டரும் ஒழுங்காகத்தான் ஓடும் என்பது அவர் கண்ட உண்மை. மதாம் ஆச்சரியப்படவில்லை. "வாங்க, பாருங்க" என்று சொல்லிவிட்டு வெண்டைக்காய் நறுக்கப் போய்விட்டார். தண்ணீர்ப் பாத்திரங்கள் சுத்தமாக இருந்தன. கட்டில் அடியில் கூண்டு இல்லை. மாட்டு டாக்டர் எழுதிய ஊசிச் சீட்டுகள் தேதி வாரியாக இருந்தன. மூலையில் ஒரு சாம்பல் குட்டி தனியாக விளையாடிக்கொண்டிருந்தது.

"அது?"

"அதுக்கு மூட்டு சரியில்ல. விக்க மாட்டேன். என்கூடவே இருக்கும்."

"வாங்கறவங்களுக்குத் தெரியவா போகுது?"

மதாம் கத்தியை வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்குத் தெரியுமே. உங்க ஷுப்ராவுல குப்பைத் தொட்டி பக்கத்துல எத்தனை வெள்ளை நாய் படுத்துக் கிடக்கு, பார்த்திருக்கீங்களா? எல்லாம் காசு குடுத்து ஆசையா வாங்கினது. தும்மல் வந்ததும் ராத்திரியோட ராத்திரியா கொண்டு வந்து விட்டுட்டாங்க. அதனாலதான் மூணு தடவை வரச் சொல்றேன். என் நாய் ஒண்ணுகூட தெருவுக்குப் போகக் கூடாது."

ஃபாயிஸ் அன்று பஸ்ஸில் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தார். எங்கே தேடியும் ஒயர் கிடைக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வீட்டில் ஒன்றும் அகப்படாமல் திரும்புகிறார். அப்படியும் மனசு ஆறவில்லை. கிழவி ரொம்பக் கெட்டிக்காரி, அதனால்தான் அகப்படவில்லை என்று இன்ஸாஃபிடம் சொன்னார்.

மூன்றாவது தடவையும் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து முடித்தபோது, பழுப்பு நிறக் குட்டி ஒன்றை மதாம் அவர்களுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார். மேசையில் ஒரு காகிதம். நாய் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் எத்தனை வருஷமானாலும் அவரிடமே திருப்பித் தர வேண்டும், வேறு யாருக்கும் தரக் கூடாது, தெருவில் விடக் கூடாது.

"அலர்ஜி இருக்கறவர் கையெழுத்துப் போடணும். மூணு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தாச்சு, ஒண்ணும் ஆகல, அதனாலதான் வாங்கறேன்னு" என்று பேனாவை நீட்டினார் மதாம்.

"மப்ரூக், வெரீனா! உன் நாய்!" என்று தஹானி வாழ்த்துச் சொல்லிக் கைதட்டினாள். "போய்த் தூக்கு, என்ன வெக்கம்?"

வெரீனா ஜன்னலை விட்டு நகரவில்லை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். குட்டி அவள் காலடிக்கு வந்து செருப்பு வாரைக் கடித்தது. அவள் காலை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டாள்.

பேனாவோடு ஃபாயிஸ் எழுந்து போய் அவள் பக்கத்தில் குனிந்தார். "என்னடி கண்ணு? இதுக்குத்தானே மூணு வருஷம் கேட்டே? தொடேன்."

அவள் அவர் காதில் மட்டும் விழும்படி சொன்னாள். "தொட்டா இருமல் வந்துடும் பாபா. வந்தா தஹானி ஆன்ட்டிக்குத் தெரிஞ்சிடும். வீட்டுக்குப் போனப்புறம் தொட்டுக்கறேன். இங்க வந்தா நான் மூச்சைக்கூட சின்னதாத்தான் விடறேன்."

மூன்று வாரமாக இந்தக் குழந்தை இந்த அறைக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஊரார் வீட்டுப் பொய்யையெல்லாம் மோப்பம் பிடித்த மனுஷன், இந்த வீட்டில் கட்டிலுக்கு அடியில் எல்லாம் குனிந்து தேடினாரே, பொய்யைக் கொண்டுவந்தது அவர்தான். கிழவி எழுதிய அத்தனை வரியும் நேர்மையாக இருந்தது, அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையைத் தவிர. இந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் இன்று ராத்திரி அவளுடைய நெஞ்சு என்ன ஆகும் என்று இந்த அறையில் ஒருவருக்கும் தெரியாது. அவருக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

"மதாம்" என்றார். "எனக்கு அலர்ஜி ஒண்ணும் இல்ல. ஆஸ்துமா என் பொண்ணுக்கு."

"ஃபாயிஸ்!" என்று இன்ஸாஃப் அலறினாள்.

"இருக்கட்டும் இன்ஸாஃப். தெரியட்டும்."

தஹானி பிஸ்கட்டை வாய் வரை கொண்டு போனவள் அப்படியே நின்றுவிட்டாள். மதாம் சிர்வார்ட் காகிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். நோட்டுப் புத்தகத்தில் மூன்று பக்கங்களையும் குறுக்கே அடித்தார்.

"மூணு மணி நேரம் என் நாயை உங்க மடியில வச்சேன், முஸ்யூ. ஒரு வயசான பொம்பளையை ஏமாத்தினீங்க, அதை விடுங்க. இவளை நீங்க எதை நம்பி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பீங்க?"

ஃபாயிஸ் தரையைப் பார்த்தார். இந்தக் கேள்வியை அவரே எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறார், அவர்களும் இப்படித்தான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இங்க வா" என்றார் மதாம், வெரீனாவிடம். "மருந்து கைல இருக்கா? அம்மா, எடுத்து மேசை மேல வைங்க. ஒளிக்காதீங்க. இப்ப உட்காரு. கையை வெளிய எடு. முகத்தைக் கிட்ட வை. நல்லா மூச்சு விடு, பெரிசா."

லெவோன்கா அவள் மடியில் ஏறியது. வெரீனா முதலில் ஒரு விரலால் தொட்டாள். பிறகு இரண்டு கையையும் அந்தச் சுருட்டை முடிக்குள் விட்டு, முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பத்து நிமிஷம். இருபது நிமிஷம். ஃபாயிஸ் அவள் முதுகில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். இருபத்தைந்தாவது நிமிஷம் அது வந்தது. மெல்லிய விசில், அவருக்கு நன்றாகப் பழகிய சத்தம்.

மதாமும் கேட்டார். உடனே நாயைத் தூக்கித் தோட்டத்துக்கு அனுப்பி, ஜன்னல்களைத் திறந்துவிட்டார். இன்ஸாஃப் அழுதுகொண்டே மருந்தை நீட்டினாள். வெரீனா எல்லோரும் பார்க்க இரண்டு முறை இழுத்தாள். கொஞ்ச நேரத்தில் விசில் அடங்கியது.

"லெவோன்கா வேணாம். அவ குட்டியும் வேணாம்" என்றார் மதாம். நோட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பினார். "யாருக்கு அலர்ஜி?"

ஃபாயிஸ் வாயைத் திறந்தார். அதற்குள் வெரீனா தஹானியை நேராகப் பார்த்துக்கொண்டு, சத்தமாகச் சொன்னாள்.

"எனக்கு. வெரீனா ஃபாயிஸ் வாசிலி. மூணு வயசுலேர்ந்து ஆஸ்துமா." பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு மதாமிடம் திரும்பினாள். "அடுத்தது எந்த நாய் மதாம்?"